மனைவிரிவும் ஊர் வாறுகாலும்

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. புதுவீடு கட்டுவோன் படும் பாட்டைக் கூறிய பெரியோர், கட்டிய வீட்டுக்கு ஓர் அறை கூட்டுவோன் படும் பாட்டைக் கூறாது விட்டனர். புதுவீட்டுக்கு வெற்றுநிலம் உண்டு. வேண்டியவாறு தள்ளியும் ஒதுக்கியும் கட்டலாம். பழைய வீட்டை விரிப்போனுக்கோ ஒருபால் தன் பழஞ்சுவரும், ஒருபால் அயலான் சுவரும், கொல்லைப்புறத்தே பலர்க்கும் பொதுவான கழிநீர் வழியும் எல்லையாக நிற்கின்றன. முதலிரண்டும் கண்ணுக்குத் தெரிவன; ஆதலின் அவற்றோடு எவரும் விளையாடார். மூன்றாவது மண்ணுக்குள் மறைந்திருப்பது. ஆதலின் அதனைப் பலரும் இல்லதெனவே கொள்வர். அங்ஙனம் கொள்வதால் விளையும் கேடு எத்தகையது, அதனைத் தவிர்க்கும் வழி யாது என்பவற்றை என் சிற்றறிவுக்கு எட்டியவரை ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

தமிழ் பயிலும் மாணவனுக்குச் சாக்கடையோடு என்ன தொடர்பு என நண்பர் வினவலாம். தொடர்பு எம் வீட்டிலேயே உண்டாயிற்று. அதனை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

எம் இல்லம் ஸ்ரீவில்லிபுத்தூரின் மடவார் வளாகத்தில் உள்ளது. வைத்தியநாத சுவாமி கோயிலால் பெயர் பெற்ற இடம் அது. திருமலை நாயக்கர் இங்கு வந்து வயிற்றுநோய் நீங்கப்பெற்றார் என்பது ஊரார் வழிவழியாகக் கூறும் வரலாறு. எம் பக்கத்தில் தெருவோரக் கழிநீர்க்காலை 'வாறுகால்' என்போம். 'கால்' என்பது நீர் செல்லும் வழி. வாய்க்கால் என்னும் சொல்லிலும் அதுவே நிற்கிறது. வயிற்றுநோய்க்கும் வாறுகாலுக்கும் உள்ள உறவை மருத்துவம் பயின்றோர் நன்கறிவர்.

எம் பாட்டியார்க்கு வயது எண்பதைக் கடந்தது. முழங்கால் வலியால், கொல்லைக் கடைசியிலிருந்த குளிப்பறைக்கு இராக்காலத்திற் சென்று வருதல் அவர்க்கு அரிதாயிற்று. ஆதலின் எம் தந்தையார், பின்கட்டோடு சேர்த்துச் சிறியதோர் அறையும் அதனுள்ளே குளிப்பறையும் கட்ட எண்ணினார். எண்ணம் நல்லதே. எம் கொல்லைக்கும் அயல்வீட்டுக் கொல்லைக்கும் இடையே ஒரு சந்து உண்டு. ஏழு வீடுகளின் கழிநீரைத் திரட்டிக்கொண்டு தெரு வாறுகாலுக்குச் செல்லும் மூடிய கால் அச்சந்தின் வழியே ஓடுகிறது. அது திரும்பும் மூலையில், வண்டல் தங்குவதற்காகக் கழுத்தளவு ஆழத்தில் ஒரு தொட்டியும் அதற்கு ஒரு கல்மூடியும் இருந்தன. இடத்தை அளந்து பார்த்த கொத்தனார், "அண்ணாச்சி, மூடியின் மேலேயே தளம் போட்டுச் சுவரை ஏற்றிவிட்டால் நாலடி கூடக் கிடைக்கும், யார் கேட்கப்போகிறார்கள்?" என்றார். நாலடி என்னும் சொல் தமிழ் மாணவனுக்கு இனிது. வீடு விரிப்போனுக்கு அதனினும் இனிது. அன்று நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் யானே. யானும் மறுத்தேனல்லேன்.

அறை எழுந்தது, பாட்டியார் மகிழ்ந்தார். இரண்டு மழைக்காலம் இனிதே கழிந்தன. மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் நேர்ந்ததைக் கட்டுரையின் இறுதியிற் கூறுவேன். அது ஏன் நேர்ந்தது என்பதனை அறியாது நேர்ந்ததை மட்டும் அறிதலாற் பயனில்லை. ஆதலின் முன்னர்க் காரணங்களை ஆராய்வோம்.

கழிநீர்க்கு வழி வகுத்தல் நம்மவர்க்குப் புதிதன்று. வீட்டினுள் நீர் கழியும் இடத்தை 'அங்கணம்' என்றனர். வள்ளுவர் 'அவையறிதல்' என்னும் அதிகாரத்தில், தகுதியில்லா அவையிற் பேசுவதற்கு உவமை காட்டுமிடத்து இச்சொல்லை ஆள்கிறார். நிலத்துக்குக் கீழே மறைந்து செல்லும் நீர்வழிக்குச் 'சுருங்கை' என்று பெயர். பரிபாடலில் மதுரையின் சுருங்கை வழிப் பாயும் நீர், களிறு துதிக்கையால் விடும் நீர்க்கு ஒப்பிடப்படுகிறது. மணிமேகலையும் சுருங்கைத் தூம்பினைக் கூறுகிறது. கிரேக்கரின் 'சிரிங்ஸ்' என்னும் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். வைகைக் கரையிலுள்ள கீழடியில், 2019ஆம் ஆண்டு அகழாய்வின்போது ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டன. இவற்றுக்கெல்லாம் முன்னே, ஏறத்தாழ 4,500 ஆண்டுகளின் முன், சிந்துவெளியின் மொகஞ்சதாரோ நகரில் தெருவோரமாகச் செங்கற் கால்களைக் கட்டி, வேண்டுங்கால் எடுத்துத் துப்புரவு செய்யத்தக்க செங்கற்களாலும் கற்பலகைகளாலும் அவற்றை மூடினர்; இடையிடையே வண்டல் தங்கும் குழிகளும் வைத்தனர். அவர்கள் காலை மூடியதைக் காட்டிலும், மூடியைத் திறக்கத்தக்கதாக வைத்ததே நாம் கருதத்தக்கது. திறக்க முடியாத மூடி மூடியன்று, அடைப்பேயாம்.

இடைக்காலத்தில் இவ்வறிவு உலகின் பல பகுதிகளில் மங்கிற்று. இலண்டன் மாநகரில் 1854ஆம் ஆண்டு வாந்திபேதி பரவியபோது, பிராடு தெருவின் குழாய்க்கிணற்று நீரே அதற்குக் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்நோ காட்டினார். 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் பாராளுமன்றத்தாரையே இருக்கவொட்டாது செய்தது. அதன்பின்னரே ஜோசப் பேசல்ஜெட் என்னும் பொறியாளர் அந்நகரின் பெருஞ்சாக்கடைகளைக் கட்டி முடித்தார். சென்னை நகரின் கழிநீர்த் திட்டம் 1910ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டில் 6,60,000 மக்கள் இருப்பர் என்னும் கணக்கில் அது அமைந்தது. 1961ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு வந்தபோதோ நகர மக்கள் ஏறத்தாழ 17 லட்சம். எம் அண்டையூராகிய இராசபாளையத்திலும் அண்மை ஆண்டுகளில் தெருக்களைத் தோண்டிப் பாதாளச் சாக்கடைக் குழாய்களைப் பதித்தனர். ஆகவே, திறந்த வாறுகாலையே கண்டு பழகிய எம் பகுதியார் இனிக் கண்ணுக்குத் தெரியாக் குழாயின் அருகே வாழக் கற்றல் வேண்டும். திறந்த வாறுகாலின்மேற் கட்டினால் ஊரார் காண்பர். புதைந்த குழாயின்மேற் கட்டினால் கட்டியவரும் மறந்துபோவர்.

இனி, அக்குழாய் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதனைக் காண்போம். குடிநீர்க் குழாயில் நீர் அழுத்தத்தால் ஓடும். அது மேடேறவும் வல்லது. கழிநீர்க் குழாயிலோ நீர் பெரும்பாலும் தன் எடையினாலேயே ஓடும். சரிவொன்றே அதற்கு உயிர். தெருக்களில் இடும் பொதுக்குழாய் பெரும்பாலும் 150 மில்லிமீட்டருக்கு, அஃதாவது அரையடிக்குக் குறையாத விட்டமுடையது. உள்ளே ஓடும் நீர் நொடிக்கு ஏறத்தாழ 60 செண்டிமீட்டர் வேகத்திலேனும் சென்றாலன்றி, உடன்வரும் மணலும் மலமும் அடியில் தங்கிவிடும். அவ்வேகம் பெறுதற்கு அரையடிக் குழாய்க்கு ஏறத்தாழ 170 அடி நீளத்துக்கு ஓரடி சரிவு வேண்டும். இக்கணக்கைச் சற்றே எண்ணிப்பாருங்கள். பத்தடி நீளமுள்ள ஓர் அறையின் கீழே இச்சரிவு முக்கால் அங்குலத்துக்கும் குறைவு! ஆதலின் கட்டடத்தின் பாரத்தால் குழாய் ஓரிடத்தில் ஓர் அங்குலம் தாழ்ந்துவிடினும் சரிவு அழிந்து குழிவு உண்டாகும். குழிவில் மண்டி தங்கும். மண்டியைப் பற்றி அடைப்பு வளரும். குழாய் உடைந்தாற்றான் கேடு என்று எண்ணுவது பிழை. உடையாமலே அது கெட்டுவிடும்.

குழாய் நேராக ஓடும் இடத்தும் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒன்றாகவும், திரும்பும் இடங்களிலும், இரு குழாய்கள் கூடும் இடங்களிலும், 'மேன்ஹோல்' என்று எல்லாரும் வழங்கும் ஆள்நுழை குழிகள் அமைக்கப்படும். இரண்டு குழிகளுக்கு இடையே குழாய் நேர்கோடாகவே இடப்படுவது முறை. அடைப்பு நேர்ந்தால் ஒரு குழியிலிருந்து மறுகுழிவரை கம்பியையோ நீர்பீச்சும் குழாயையோ செலுத்தி அதனை நீக்குவர். ஆகவே, ஒரு குழியை மறைப்பது ஒரு வாயிலைச் சாத்துவது போன்றதன்று. அதன் இருபுறத்துமுள்ள 30 மீட்டர்க் குழாய்களையும் கைக்கு எட்டாதனவாக்குவதாகும்.

சுவர் குழாய்க்குச் செய்யும் தீங்கு யாது? எம் பக்கத்துக் கொத்தனார் கடைக்காற் குழி எடுப்பதை 'வானம் தோண்டுதல்' என்பர். அவ்வானத்தின் அடியில் நிற்கும் சுவரின் பாரம் நேர்கீழே மட்டும் இறங்குவதில்லை. பக்கங்களிலும் விரிந்து இறங்கும். கடைக்காலின் அடியோரத்திலிருந்து 45 பாகைச் சாய்வில் கீழ்நோக்கி ஒரு கோடு வரைந்தால், அக்கோட்டுக்கு உட்பட்ட மண் சுவரின் பாரத்தைத் தாங்கும் மண் எனப் பொறியாளர் எளிய கணக்காகக் கொள்வர். கடைக்கால் மூன்றடி ஆழத்திலும், குழாயின் அடிமட்டம் ஐந்தடி ஆழத்திலும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டுக்கும் வேறுபாடு இரண்டடி. குழாய் கடைக்காலின் ஓரத்திலிருந்து இரண்டடிக்குள் இருப்பின் சுவரைச் சுமக்கும் மண்ணில் அதுவும் அகப்படும். அந்நிலையில் கடைக்காலையும் ஐந்தடிக்குக் கீழே இறக்க வேண்டும். அன்றேல் சுவரை விலக்க வேண்டும். மூன்றாம் வழி இல்லை.

இக்கோடே எதிர்ப்புறமாகவும் தொழிற்படும். பின்னொருநாள் குழாயைச் செப்பனிட வருவோர் ஐந்தடி தோண்டுவர். மூன்றடி ஆழமே உள்ள சுவரின் அருகே ஐந்தடி தோண்டினால், சுவரைத் தாங்கிய மண் குழிக்குள் சரியும், சுவர் வெடிக்கும். சுவர்க்கு அஞ்சித் தோண்டாது விட்டால் குழாய் செப்பமுறாது. நெருங்கக் கட்டியவன் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் நிலைக்குத் தன்னைத்தானே தள்ளிக்கொள்கிறான்.

குழாய் சுவர்க்குச் செய்யும் தீங்கும் உண்டு. இணைப்பு விட்டுப்போன குழாயிலிருந்து நீர் கசியும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எதிராகக் குழாய்க்குள் புகும். புகும்போது நுண்மணலையும் உடன் கொண்டுசெல்லும். நாளடைவில் கடைக்காலின் கீழே கண்ணுக்குத் தெரியாத பொந்து உண்டாகும். தரை ஒருநாள் திடீரென உள்வாங்குவது இதனால்தான். எம் மாவட்டத்திற் பெரிதும் பரந்த கரிசல் மண்ணில் வேறொரு தொல்லையும் உண்டு. அது நனைந்தால் வீங்கும். உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். கசிவுள்ள குழாயின் அருகில் ஒருபுறம் வீங்கியும் மறுபுறம் சுருங்கியும் நிற்கும் கரிசல், சுவரையும் குழாயின் இணைப்பையும் ஒருங்கே அசைக்கும். வேப்பமரத்தின் வேர் நீரைத் தேடி அவ்விணைப்பில் நுழைவதும் உண்டு.

இவற்றினும் கொடியது காற்று. தேங்கிய கழிநீரில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுக்காற்று தோன்றும். சிறிதளவில் அது அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தால் நாற்றமறியும் ஆற்றலையே மூக்கு இழந்துவிடும். ஆதலின் 'இப்போது நாற்றமில்லை' என்பது அபாயம் நீங்கியதற்கு அடையாளமன்று. மிகுந்ததற்கு அடையாளமாகவும் இருக்கலாம். தீப்பற்றும் மீத்தேன் காற்றும் அதனோடு சேர்ந்திருக்கக்கூடும். திறந்த சந்தில் கலைந்துபோகும் இக்காற்று, ஆள்நுழை குழியை உள்ளே வைத்துக் கட்டிய அறையில் எங்கே போகும்?

இனி, மனிதரைக் குறித்துக் கூறவேண்டும். நீர்பீச்சும் லாரியும் உறிஞ்சும் லாரியும் இன்று உள்ளன. அவை எத்துணை வலியவாயினும், குழாயை உட்செலுத்த ஒரு திறந்த வாயில் வேண்டும். வாயிலின்மேல் அறை நின்றால் இயந்திரம் பயன்படாது. இயந்திரம் பயன்படாத இடத்தில் மனிதனை இறக்கத் துணிகிறார்கள். மனிதர் கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடுக்கும் சட்டம் 2013ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. தக்க காப்பின்றிச் சாக்கடைக்குழிக்குள் ஒருவரை இறக்குதல் அதன்படி குற்றம். 1993ஆம் ஆண்டு முதல் சாக்கடைகளில் இறந்தோர் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்குமாறு உச்சநீதிமன்றம் 2014ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்திற்று. தொகையை உயர்த்த வேண்டிய தேவை வந்தது என்பதே சாவு ஓயவில்லை என்பதைக் காட்டும். ஆயினும் அச்சாவுகளை நாம் ஒப்பந்தக்காரர் மேலும் அலுவலர் மேலும் ஏற்றிவிட்டு அமைகிறோம். மூடியை மறைத்துக் கட்டிய வீட்டுக்காரனுக்கும் அதிற் பங்குண்டு என்பதே யான் இக்கட்டுரையால் வற்புறுத்த விரும்புவது.

சட்டம் இதனைப் பற்றி நெடுங்காலமாகவே பேசுகிறது. நகராட்சிக்குரிய வாறுகாலின்மேல் இசைவின்றிக் கட்டலாகாது என்னும் விதி, 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே இருந்தது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அச்சட்டத்தின் இடத்தில் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கட்டட அனுமதிக்குத் 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019' பொருந்தும். 2024ஆம் ஆண்டு ஜூலை முதல், 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீடு கட்டுவோர் தம் சான்றின்பேரிலேயே உடனடி அனுமதி பெறும் எளிய முறையும் வந்துள்ளது. வரவேற்கத்தக்கதே, ஆயின் அனுமதி எளிதாக எளிதாகக் கட்டுவோன் பொறுப்புப் பெரிதாகிறது. முன்னர் அலுவலர் வந்து பார்ப்பார் என்றிருந்தோம். இப்போது நாமே பார்த்துக் கையொப்பமிடுகிறோம்.

பிறநாட்டு வழக்கம் ஒன்றை ஒப்பிடுவது பயன் தரும். இங்கிலாந்தில் பொதுச் சாக்கடைக்கு 3 மீட்டருக்குள் வீட்டை விரிக்க எண்ணுவோன், முன்னதாகவே அவ்விடத்துக் கழிநீர் நிறுவனத்தின் இசைவைப் பெறுதல் வேண்டும். ஆள்நுழை குழியின்மேல் கட்டடம் எழுப்பலாகாது என்பது அங்குள்ள கட்டட விதிகளின் வழிகாட்டி நூலிற் கூறப்பட்டுள்ளது. 2011ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், அந்நாட்டில் பல வீடுகளுக்குப் பொதுவான தனியார் குழாய்கள் பலவும் கழிநீர் நிறுவனங்களின் பொறுப்பாக மாற்றப்பட்டன. தம் கொல்லையிற் கிடப்பது தமக்கே உரியது என்றிருந்த பலர், அது பொதுக்குழாய் என்பதனை அதன்பின் அறிந்தனர். நிலம் எவருடையது என்பதைக்கொண்டன்று, நீர் எத்தனை வீட்டினது என்பதைக்கொண்டே குழாயின் இயல்பை அறிய வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, வீடு விரிக்க எண்ணுவோர் செய்யவேண்டுவனவற்றைத் தொகுத்துரைப்பேன்.

முதலாவது, குழாய் எங்கே ஓடுகிறது என்பதைக் காணவேண்டும். நகராட்சியில் வரைபடம் இருப்பின் அதனைப் பார்க்கலாம். அதனோடு அமையாது, மனைக்கு இருபுறமும் உள்ள மூடிகளைக் கண்டு அவற்றினிடையே கயிறு பிடித்தால் குழாயின் போக்குப் பெரும்பாலும் புலப்படும். எவ்வீட்டு நீர் எக்காலிற் சேர்கிறது என ஐயமெழின் மஞ்சள் கரைத்த நீரை ஊற்றி, அது எக்குழியில் வருகிறது என்று பார்க்கலாம். மூடியைத் திறப்பது அத்தொழில் அறிந்தோர் செய்யற்பாலது. திறந்த குழிக்குள் தலைநீட்டுதல் ஆகாது.

இரண்டாவது, ஆழத்தையும் தொலைவையும் அளந்து, முன் கூறிய 45 பாகைக் கோட்டைத் தாளில் வரைந்து பார்க்கவேண்டும். கோட்டுக்குள் குழாய் அகப்பட்டால் சுவரை விலக்குக. அன்றேல் பொறியாளரைக் கலந்து கடைக்காலை ஆழப்படுத்துக.

மூன்றாவது, தன் வீட்டுக் கழிநீர்க்குழாய் புதுச்சுவரை ஊடறுத்துச் செல்லவேண்டி நேர்ந்தால், அதனைச் சுவரோடு சிமெண்டிட்டு இறுக்கலாகாது. மேலே லிண்டல் கொடுத்து, குழாயைச் சுற்றி 50 மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். சுவர் சிறிது தாழ்ந்தாலும் குழாய் நெரியாது. அவ்விடைவெளி வழியே எலியும் மண்ணும் புகாதவாறு தகட்டால் மறைப்பது போதும்.

நான்காவது, மூடி எக்காரணத்தாலும் அறைக்குள் வரலாகாது. இடம் மாற்றியே தீரவேண்டுமாயின், நகராட்சியின் இசைவோடு குழாயையும் குழியையும் வெளியே மாற்றியபின்னரே வானம் தோண்டவேண்டும். கட்டியபின் மாற்றுவோம் என்பது நடவாத காரியம்.

ஐந்தாவது, புதுக்கூரையின் மழைநீரைக் கழிநீர்க் குழாயில் விடலாகாது. பத்துக்குப் பத்தடி அறையின் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 235 லிட்டர் நீர் விழும். தெருவிலுள்ள எல்லாக் கூரைகளின் நீரும் ஒரே நேரத்தில் அரையடிக் குழாயை நாடினால் அது எங்ஙனம் கொள்ளும்? மழைநீர் நிலத்துக்குரியது, சேகரிப்புத் தொட்டிக்கு விடுக.

ஆறாவது, புதுத்தரையின் மட்டத்தைத் தெருமூடியின் மட்டத்தோடு ஒப்பிட வேண்டும். தெருக்கள் ஒவ்வொருமுறை செப்பனிடப்படும்போதும் உயர்கின்றன, வீடுகள் உயர்வதில்லை. நம் குளிப்பறைத் தரை தெருமூடிக்குத் தாழ்ந்திருப்பின், அடைப்பு நேரும் நாளில் கழிநீர் தெருவில் வழியாமல் நம் அறையிலேயே எழும். தரையை உயர்த்துக, இயலாதாயின் நீர் பின்வாங்காது தடுக்கும் அடைப்பிதழைப் பொருத்துக.

"இவையெல்லாம் பெருமனை உடையார்க்கு ஆகும், இரண்டு செண்டு நிலத்தில் வாழ்வோன் எங்கே விலகுவது?" என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானதே. இடநெருக்கடி மெய், பெண் மக்களும் முதியோரும் வீட்டுக்குள்ளே குளிப்பறை வேண்டுவதும் மெய். ஆயினும் குழாயின்மேற் கட்டுவதால் ஏழைக்கு இடம் மிகுவதில்லை; கடனே மிகுகிறது. அடைப்பு நேரும்போது இடிக்கும் செலவும் திரும்பக் கட்டும் செலவும் அவன் தலையிலேயே விழும். நிலம் சிறிதாயின், குழாயின் பக்கத்தைத் திறந்தவெளியாக விட்டுத் துணி உலர்த்தவும் பாத்திரம் துலக்கவும் பயன்படுத்திக்கொண்டு, வேண்டிய அறையை மாடியில் எழுப்பலாம். மாடியேற இயலாத முதியோர்க்குக் கீழறையையும் இளையோர்க்கு மேலறையையும் கொடுக்கலாம். இதனை யாம் முன்னரே எண்ணவில்லை.

எண்ணாததன் பயனைக் கூறி முடிக்கின்றேன். மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் நான்கு நாள் விடாது மழை பெய்தது. எம் அறையின் கீழ் மறைந்த தொட்டி இரண்டு ஆண்டுகளாகத் தூர்வாரப்படாமையால் வண்டலால் நிரம்பியிருந்தது. ஏழு வீட்டு நீரும் போக்கிடமின்றித் திரும்பி, எல்லார்க்கும் தாழ்ந்த இடமாகிய அயல்வீட்டு அங்கணத்தின் வழியே எழுந்து அவர் அடுக்களைக்குள் புகுந்தது. யாம் அத்தை என்று அழைக்கும் அவ்வம்மையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அரிசிப்பானையைத் தூக்கிக்கொண்டு எம் வாயிலில் வந்து நின்றார். அதனினும் வசைமொழி கேட்டிருத்தல் எளிதாயிருந்திருக்கும்.

லாரி வந்தது, குழாயை விட வாயில் இல்லை. உடன் வந்த இளைஞர் ஒருவர், அத்தையார் வீட்டுப் பக்கத்துச் சிறுமூடியைத் திறந்து, இடுப்பிற் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே தவழ்ந்து சென்று பார்க்கிறேன் என்றார். எம்மில் ஒருவரும் வேண்டா என்று உடனே சொல்லவில்லை என்பதை நாணத்தோடு எழுதுகின்றேன். அப்போது பாட்டியார் கோலூன்றி வெளியே வந்து, "உனக்கு என்ன வயது, ஐயா?" என்றார். "பத்தொன்பது, ஆச்சி" என்றார் அவர். பாட்டியார் என்னைச் சுட்டி, "இவனுக்கும் பத்தொன்பதுதான்" என்றார். பின்னர் எம் தந்தையாரை நோக்கி, "தரையை உடைக்கச் சொல்" என்று மட்டும் கூறி உள்ளே சென்றார்.

எவருக்காக அந்த அறை கட்டப்பட்டதோ அவர் சொல்லாலேயே அது உடைபட்டது. தளத்தை உடைத்து மூடியைத் திறந்து இயந்திரத்தால் வண்டலை வாங்கினர். மாலைக்குள் நீர் இறங்கிற்று. ஒரு மாதம் பாட்டியார் என் தோளைப் பற்றிக்கொண்டு கொல்லைக் கடைசிக்கு நடந்தார். பின்னர் அந்த நாலடியை விட்டு உள்ளே சுவர் எழுப்பினோம். அறை சிறுத்தது, மூடி வானத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே கிடக்கிறது. ஆண்டுதோறும் ஆடியில் அதனைத் திறந்து தூர்வாரச் செய்கிறோம்.

புதுவீடு கட்டுவோன் மேல்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் கருத்து. மேலிருந்து விழுவோனுக்கு நாம் பொறுப்பாயின், நமக்காகக் கீழே இறக்கப்படுவோனுக்குப் பொறுப்பல்லேம் என்பது எங்ஙனம் பொருந்தும்? மேலே கைப்பிடிச்சுவர் எத்தன்மைத்தோ, கீழே திறக்கத்தக்க மூடியும் அத்தன்மைத்தே.

நண்பர்காள்! நம்மில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் பொருளீட்டிப் பெற்றோர் வீட்டை விரிக்கும் நிலையை அடைவோம். அன்று நாடாவைப் பிடிக்கும்போது மண்ணின் மேலுள்ளதை மட்டும் அளவாதிருப்போமாக. ஊரார் நீர் செல்லும் வழிக்கு நாலடி விட்டுக் கட்டுவது இழப்பன்று. அயலார் அடுக்களைக்கும் முகமறியா ஒருவர் உயிர்க்கும் நாம் செய்யும் சிறு கடனேயாம்.